மேடையின் இரண்டாம் படி

1968 அக்டோபர் 16, மெக்சிகோ சிட்டி. 200 மீட்டர் ஓட்டத்தின் பதக்க மேடையிலிருந்து சுமார் இருபதடி தள்ளி நின்றிருந்தார் 'லைஃப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் ஜான் டொமினிஸ். அமெரிக்க தேசிய கீதம் ஒலிக்கையில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இனவெறியை எதிர்த்து உயர்ந்த இரண்டு கறுப்பு முஷ்டிகளாகவே உலகத்தின் மனதில் தங்கிவிட்டது. ஒன்று, 19.83 விநாடியில் உலக சாதனை படைத்த டாமி ஸ்மித்தின் வலக்கை. மற்றது, வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸின் இடக்கை.

ஏன் வெவ்வேறு கை? கார்லோஸ் தன் கையுறைகளை மறந்துவிட்டு வந்தார். ஸ்மித்தின் ஜோடியையே ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவர், படத்தின் இடது ஓரத்தில் நேராகப் பார்த்தபடி நிற்கும் வெள்ளையர்: வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன். அவர் நெஞ்சிலும் மனித உரிமைக்கான ஒலிம்பிக் இயக்கத்தின் பேட்ஜ் இருக்கிறது. அமெரிக்கத் துடுப்புப் படகு அணியின் பால் ஹாஃப்மனிடம் வாங்கிக் குத்திக்கொண்டது. சட்டென்று கண்ணில் படாது, தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஸ்மித்தையும் கார்லோஸையும் அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். (பதக்கத்தையும் பறித்தார்கள் என்பது கட்டுக்கதை.) நார்மன் 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு அனுப்பப்படவில்லை, அது தண்டனையா இல்லையா என்ற சச்சரவு இன்னும் ஓயவில்லை. படம் மட்டும் தடையின்றிப் பயணம் போனது: சுவரொட்டி, பனியன், சுவரோவியம். போகிற வழியில்தான் இடது ஓரம் அடிக்கடி கத்தரிக்குப் பலியானது.

2005-ல் ஸ்மித்தும் கார்லோஸும் படித்த சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் படம் சிலையாயிற்று. இரண்டாம் படி காலி. பார்க்க வருகிறவர்கள் அங்கே ஏறி நிற்கட்டும் என்று நார்மனே கேட்டுக்கொண்டாராம். பெருந்தன்மைதான், ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. சொந்த நாடே மறந்துவிட்ட மனிதரை அவருடைய இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். மறு வருடம் அவர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012-ல். மெக்சிகோவில் அவர் ஓடிய 20.06 விநாடி 2024 டிசம்பர் வரை அந்நாட்டின் சாதனையாக நின்றது.

வாஷிங்டனில் 2016-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள சிலையில் மூவரும் நிற்கிறார்கள். இந்தப் படத்தை அச்சிடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இடம் போதவில்லை என்றால் படத்தைச் சிறிதாக்குங்கள், ஆளை வெட்டாதீர்கள்.