விஷு: சொல்லில் தங்கிய பழைய வானம்

கேரளத்தில் மேட மாதத்தின் முதல் நாள் விஷு. வேர்ச்சொல் வடமொழி ‘விஷுவம்’; பகலும் இரவும் சமமாக நிற்கும் நாள் என்று பொருள். ஆனால் இன்று சமநாள் மார்ச் 20 வாக்கிலேயே வந்துபோகிறது. விஷுவோ ஏப்ரல் 14 அல்லது 15. புவியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால், விண்மீன்களை ஒட்டிய ஆண்டுக்கணக்கு சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சமநாளை விட்டு விலகுகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. நாள் நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை. இந்தச் சொல்லின் அழகே அதுதான்.

துளுநாட்டில் இதே நாள் ‘பிசு’. நெல்லைச் சீமையின் பாபநாசத்தில் ‘சித்திரை விசு’த் திருவிழா. அசாமின் ‘பிஹு’வையும் இதே வேரோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு.

கேரளத்தின் நாட்காட்டியான கொல்லம் ஆண்டு பிறப்பது என்னவோ சிங்க மாதத்தில்தான். ஆனாலும் மலையாளி கண்மூடி எழுவது விஷுவன்று. வீட்டுப் பெரியவர் இமைகளைப் பொத்தி அழைத்து வருவார். கை விலகியதும் எதிரே உருளிப் பாத்திரம்: பச்சரிசி, பொன்னிற வெள்ளரி, கொத்தாகக் கொன்றைப்பூ, நாணயம். நடுவே வால்கண்ணாடியில் விளக்கொளியோடு தன் முகம். அதன்பின் பெரியவர்கள் சிறுவர் கையில் வைக்கும் காசு, ‘விஷுக் கைநீட்டம்’.