கல் தேடிப் போன பந்தயம்

பெல்ஜியத்தில் பாட்டர்பெர்க் என்றொரு மேட்டுப் பாதை இருக்கிறது. இருபுறமும் புல்வெளி, நடுவே கருங்கல் பாவிய ஒற்றைத் தடம். அதற்கு முன்னூறு வயது என்று சொன்னால் படத்தில் பார்ப்பவர் நம்பிவிடுவார். நீளம் 360 மீட்டர்தான். ஏற்றம் சில இடங்களில் 20 சதவீதத்தைத் தொடும். ஆனால் அந்தக் கற்கள் அங்கே பதிக்கப்பட்டது 1980களில்தான். பக்கத்திலுள்ள கொப்பன்பெர்க் மேட்டில் போகிற சைக்கிள் பந்தயம் தன் வீட்டுப் பக்கமும் வர வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு விவசாயியின் வேலை அது என்று கதை சொல்வார்கள். அவர் ஆசை 1986-இல் நிறைவேறியது. இப்போதெல்லாம் பந்தயத்தின் கடைசி ஏற்றம் அதுதான்.

அந்தப் பந்தயத்தின் பெயர் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ். ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘ரோண்டெ’ என்பார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாளில் சுமார் 270 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். சைக்கிள் உலகம் ‘நினைவுச்சின்னங்கள்’ என்று மரியாதையாக அழைக்கும் ஐந்து ஒருநாள் பந்தயங்களில் இதுவும் ஒன்று. மேடுகள் எதுவும் உயரத்தில் பிரமாதமில்லை. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் கல், குறுகல், ஈரம், காற்று எல்லாம் ஒன்றுசேரும்போது கதை வேறு. கற்கள் எப்போதும் அங்கேயே கிடந்தன, பந்தயம் அவற்றின்மேல் ஓடிவந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரலாறு நேர்மாறானது. பந்தயம் முதலில் வந்தது. அதன் முகமாகிவிட்ட மேடுகளில் பெரும்பாலானவை பிறகு ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கப்பட்டவை.

தொடங்கியது ஒரு பத்திரிகை. பெல்ஜியத்தின் வடபாதியான ஃபிளாண்டர்ஸில் மக்கள் பேசியது டச்சு. அதிகாரமும் படிப்பும் பணமும் பேசியது பிரெஞ்சு. கென்ட் பல்கலைக்கழகமே 1930-இல்தான் டச்சு மொழிக்கு மாறியது. அந்த மண்ணில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் காரல் வான் வைனன்டாலே. இது அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர். 14 வயதில் பள்ளியை விட்டு, ரொட்டிக் கடையிலும், மாடு மேய்த்தும், பிரெஞ்சு பேசும் பணக்கார வீடுகளில் எடுபிடியாகவும் காலம் தள்ளினார். அந்த வீடுகளில் பட்ட அவமானம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. சைக்கிள் ஓட்டிப் பார்த்தார், பெரிதாக வரவில்லை. எழுதிப் பார்த்தார், வந்தது.

1912-இல் ஓடீல் டிஃப்ரே டூர் டி பிரான்ஸை வென்றார். அதை வென்ற முதல் பெல்ஜியர், அதுவும் ஃபிளாண்டர்ஸ்காரர். அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஸ்போர்ட்வேரெல்ட்’ என்ற டச்சு மொழி விளையாட்டுப் பத்திரிகை வெளிவந்தது. கொஞ்ச நாளில் வான் வைனன்டாலே அதன் ஆசிரியரானார். பத்திரிகை விற்க வேண்டும், தம் மக்களுக்கென்று ஒரு பெருமையும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்தாக 1913 மே 25 அன்று பந்தயம் பிறந்தது. இதில் வணிகம் எவ்வளவு, இனப்பற்று எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வீண்வேலை, அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று கென்ட் நகரத் தானியச் சந்தைச் சதுக்கத்திலிருந்து புறப்பட்டவர்கள் 37 பேர். ஃபிளாண்டர்ஸின் முக்கிய ஊர்கள் எல்லாம் பார்க்கும்படி கிழக்கே போய், தெற்கே இறங்கி, மேற்குக் கடற்கரையைத் தொட்டுத் திரும்பும் 324 கிலோமீட்டர். கல் பாவாத நல்ல சாலை என்று பேருக்குக்கூட இல்லை. சாலையோர மண்தடம் கிடைத்தால் அதில் ஏறிக்கொள்வார்கள். பங்சர் ஆனால் ஓட்டுபவரே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். 12 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி, மரியாகெர்கெ என்ற இடத்தில் ஒரு குளத்தைச் சுற்றி அமைத்த மரத்தளத்தில் முதலாவதாக வந்தவர் பால் டிமான். டிக்கெட் விற்ற காசு பரிசுத் தொகையில் பாதிக்குத்தான் கட்டியது. பின்னாளில் முதல் உலகப்போரில் இதே டிமான் நடுநிலை நாடான ஹாலந்துக்குச் சைக்கிளிலேயே ரகசியக் கடிதங்கள் கடத்தினார், ஜெர்மானியரிடம் பிடிபட்டார், தண்டனை நிறைவேறும் முன் போர் முடிந்ததால் உயிர் தப்பினார் என்று சொல்வார்கள். 1920-இல் அவர் பாரிஸ்-ரூபே பந்தயத்தையும் வென்றார்.

முதல் பந்தயத்துக்கு மறு ஆண்டு, 1914-இல், பிரெஞ்சு சைக்கிள் கம்பெனிகள் தங்களிடம் சம்பளம் வாங்கிய பெல்ஜிய வீரர்களைப் போக வேண்டாம் என்றன. மார்செல் பைஸே மட்டும் பிடிவாதமாக வந்தார், வென்றார். அதன்பின் நான்கு ஆண்டுகள் அந்தச் சாலைகளில் ஓடியது பீரங்கி வண்டிகள்தான்.

போர் முடிந்த 1919-இல் நடந்ததைக் கேட்டால் கட்டுக்கதை போலிருக்கும். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வராது. ஹென்றி வான் லெர்பெர்க், செல்லமாக ரிட்டெ, சைக்கிள்கூட இல்லாமல் வந்து இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினாராம். நடுவில் பாதையை மறித்து ஒரு ரயில் நின்றது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள் ஏறி மறுபக்கம் இறங்கிப் போய்விட்டார். எல்லைக்கோடு இருந்த மைதானத்தை நெருங்கியதும் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பீர் குடிக்க ஆரம்பித்தார். மேனேஜர் வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அப்படியும் 14 நிமிட முன்னிலையில் வென்றார். வென்ற கையோடு கூட்டத்தைப் பார்த்து, மற்றவர்கள் வர அரை நாளாகும், வீட்டுக்குப் போங்கள் என்றாராம்.

க்வாரமொன்ட் மேடு பாதையில் சேர்ந்தது அந்த 1919-இல்தான். அந்த மேட்டுக்கு இன்னொரு கதை உண்டு. 1939-இல் முன்னாள் உலக சாம்பியன் காரல் கேர்ஸ் இந்தப் பந்தயத்தைப் பாரிஸ்-ரூபேவுக்கான பயிற்சியாக மட்டுமே நினைத்தார். காலையில் காரை க்வாரமொன்ட் மேட்டில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து சைக்கிளிலேயே கென்டுக்குப் போய்ப் பந்தயத்தைத் தொடங்கினார். காருக்கு வந்ததும் இறங்கி வீட்டுக்குப் போவது திட்டம். பாதியில் நிற்கப்போகிறவர்தானே என்று முழு வேகத்தில் விட்டு, ஒரு நிமிட முன்னிலையோடு மேட்டில் ஏறினால், காரைக் காணோம். ஆசை காட்டக்கூடாது என்று மேனேஜர் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். வேறு வழியில்லாமல் தொடர்ந்து ஓட்டினார். பரிசும் அவருக்கே.

இரண்டாம் உலகப்போரின் பக்கம் இவ்வளவு கலகலப்பானதல்ல. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போதும் ரோண்டெ நிற்கவில்லை. ஆக்கிரமிப்பாளர்கள் தடுக்கவில்லை, பாதையைக் காக்கவும் உதவினார்கள். போருக்குப் பின் அதற்குக் கணக்குக் கேட்டார்கள். வான் வைனன்டாலே இனி ஆயுளுக்கும் பத்திரிகைத் தொழில் செய்யக்கூடாது என்று தடை வந்தது. அவரோ சுட்டுவீழ்த்தப்பட்ட பிரிட்டிஷ் விமானிகளை வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவரும்கூட. தளபதி மாண்ட்கோமரியே அதை உறுதிசெய்து கடிதம் எழுத, தடை நீங்கியது. ஒரே மனிதர் இரண்டையும் செய்ய முடியுமா என்றால், ஆக்கிரமிக்கப்பட்ட ஊர்களில் அப்படித்தான் பலர் வாழ்ந்தார்கள். ஆனால் சந்தேகம் முழுவதுமாகத் தீரவில்லை. ‘ஹெட் ஃபோல்க்’ என்ற போட்டிப் பத்திரிகை 1945-இல் தனியாக ஒரு பந்தயம் தொடங்கியது. அதற்குச் சூட்டிய பெயரும் ரோண்டெயின் பெயரை உரசியபடியே இருந்தது. புகார் போய், பெயரை மாற்றச் சொன்னார்கள். அதுதான் ‘ஓம்லோப் ஹெட் ஃபோல்க்’.

பந்தயத்துக்கு உண்மையான ஆபத்து வந்தது போரால் அல்ல, தாரால்.

1950களுக்குப் பிறகு பெல்ஜியத்தில் வசதி பெருகியது, கார் பெருகியது, கல் சாலைகள் மளமளவென்று தார்ச் சாலைகள் ஆயின. ஊராட்சிகளுக்கு அது வளர்ச்சி, பந்தயக்காரர்களுக்குத் தலைவலி. வழவழப்பான சாலையில் கூட்டம் கலையாமல் மொத்தமாக வந்து கடைசி இருநூறு மீட்டரில் பாய்ந்து முடித்துவிடும். மேடும் மேடாகத் தெரியாது. க்வாரமொன்ட் பெருஞ்சாலையும் தார் பூசிக்கொண்டது. அப்போதுதான் அமைப்பாளர்கள் வயல்வெளிச் சந்துகள், மாட்டுவண்டித் தடங்கள், ஊர்க்காரர்களே மறந்த கல் பாதைகள் என்று தேடத் தொடங்கினார்கள். பெருஞ்சாலைக்குப் பக்கத்தில் கிராமத்தின் நடுவே ஏறும் பழைய க்வாரமொன்ட் பாதை 1974-இல் சேர்ந்தது, கொப்பன்பெர்க் 1976-இல். நாடே மோசமான சாலைகளை ஒழித்துக்கொண்டிருந்தபோது, மோசமான சாலைக்கு வலைவீசித் திரிந்தவர்கள் இவர்கள் மட்டும்தான் போலும்.

அந்தக் கற்களின்மேல் சைக்கிள் ஓட்டுவது எப்படி இருக்கும்? பழைய க்வாரமொன்ட் 2,200 மீட்டர் நீளம், அதில் சுமார் 1,500 மீட்டர் கல். சாலையின் நடுப்பகுதி முதுகுபோல் உயர்ந்து, ஓரங்கள் தாழ்ந்திருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழையும் சந்துகள். மழை பெய்தால் சேறு பூசிக்கொண்டு வழுக்கும். இருக்கையை விட்டு எழுந்து மிதித்தால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து சுழலும். உட்கார்ந்தே மிதித்தால் அதிர்வு முதுகெலும்பு வழியாகப் பல்லுக்கு ஏறும். அதனால் எல்லோருடைய கண்ணும் ஓரத்தில் ஓடும் ஒரு சாண் அகல மண்தடத்தின் மேல்தான். அங்கே போனால் பார்வையாளர் தடுப்பு உரசும். 2017-இல் அப்போதைய உலக சாம்பியன் பீட்டர் சாகன் அப்படி ஓரம் கட்டியபோது, தடுப்பில் யாரோ தொங்கவிட்டிருந்த சட்டையில் ஹேண்டில்பார் சிக்கியது. அவரும் கூட வந்த இருவரும் சுருண்டு விழுந்தார்கள். அதற்குள் 55 கிலோமீட்டர் தனி ஓட்டத்தில் இருந்த ஃபிலிப் ஜில்பெர், எல்லைக்கோட்டுக்கு முன் இறங்கி, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கியபடி நடந்தே கடந்தார்.

கொப்பன்பெர்க் இன்னும் கொடியது. 600 மீட்டர், உச்சச் சரிவு 22 சதவீதம், இரண்டு சைக்கிள் சேர்ந்து போனாலே நெருக்கும் அகலம். முன்னால் ஒருவர் காலை ஊன்றினால் பின்னால் வரும் நூறு பேரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். முதல் ஆண்டிலேயே மாபெரும் எடி மெர்க்ஸ்கூட இறங்கி நடந்தார். ஏழே ஆண்டுகளுக்கு முன், 1969-இல், எல்லைக்கோட்டுக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும்போதே தனியாகப் பிரிந்து, பைத்தியமா என்று காரிலிருந்து கத்திய இயக்குநரைக் காதில் வாங்காமல், ஐந்து நிமிடங்களுக்கும் மேல் வித்தியாசத்தில் வென்ற அதே மெர்க்ஸ்.

1987-இல் எல்லை மீறியது. தனியாக முன்னே போன டென்மார்க் வீரர் யெஸ்பர் ஸ்கிபி அந்த ஏற்றத்தில் தடுமாறி விழுந்தார். பின்னால் வந்த அதிகாரியின் கார் நிற்காமல் சைக்கிளின் மேலேறிப் போய்விட்டது. கால் மயிரிழையில் தப்பியது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த ஆண்டு கொப்பன்பெர்க் பாதையிலிருந்து நீக்கப்பட்டது. கற்களைச் சீராக்கிப் பதித்தபின் 2002-இல்தான் திரும்பியது.

எல்லா மேடுகளிலும் செல்லப்பிள்ளை கெரார்ட்ஸ்பெர்கன் ஊரின் ‘ம்யூர்’. ஊரின் நடுவிலிருந்து கிளம்பி, வீடுகளைக் கடந்து, உச்சியில் ஒரு மாதா கோயிலில் முடியும் ஏற்றம். 1950-இல் முதன்முறையாகச் சேர்ந்தது. பிறகு பல ஆண்டுகள் பந்தயத்தின் தலையெழுத்தே அங்கேதான். 2010-இல் ஸ்விஸ் வீரர் கான்செல்லாரா, உள்ளூர் நாயகன் டாம் பூனனை அங்கே இருக்கையில் உட்கார்ந்தபடியே விட்டுவிட்டுப் போன விதத்தைப் பார்த்து, சைக்கிளுக்குள் மோட்டார் வைத்திருக்கிறார் என்று வதந்தியே கிளம்பியது. எதுவும் நிரூபணமாகவில்லை.

அந்த ம்யூரை 2012-இல் தூக்கினார்கள். பந்தயத்தை நடத்தும் உரிமை அதற்குள் ‘ஃபிளாண்டர்ஸ் கிளாசிக்ஸ்’ நிறுவனத்திடம் வந்திருந்தது. முடிவிடம் நினோவே பக்கமுள்ள மேர்பேக்கேயிலிருந்து அவுடனார்டேக்கு மாறியது. பழைய க்வாரமொன்ட், பாட்டர்பெர்க் இரண்டையும் மூன்று மூன்று முறை சுற்றிவரும்படி பாதை போட்டார்கள். ஒரே இடத்தில் பல முறை வீரர்கள் வந்தால் அங்கே கூடாரம் போட்டு, சாப்பாடும் பானமும் சேர்த்து, விலை உயர்ந்த டிக்கெட் விற்கலாம் அல்லவா? ரசிகர்கள் ம்யூருக்குச் சவ ஊர்வலமே நடத்தினார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் 1913-இல் குளக்கரையில் டிக்கெட் விற்றுத் தொடங்கிய பந்தயம் இது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். காசு இதற்குப் புதிதாக வந்த நோயல்ல.

பெண்களுக்கான பந்தயம் 2004-இல்தான் வந்தது, 91 ஆண்டு தாமதமாக. முதலாவதை வென்றவர் ரஷ்யாவின் சுல்ஃபியா சபிரோவா. அண்மைக் காலத்தில் அதில் கோலோச்சுபவர் உள்ளூர்ப் பெண்ணான லோட்டெ கோபெக்கி: 2022, 2023, 2025 என்று மூன்று முறை வென்றிருக்கிறார். ஆண்களில் மூன்று முறைக்கு மேல் வென்றவர் இதுவரை யாருமில்லை. மூன்றைத் தொட்டவர்களில் அதைத் தொடர்ச்சியாகச் செய்தவர் இத்தாலியின் ஃபியோரென்ஸோ மாக்னி மட்டுமே, 1949 முதல் 1951 வரை.

தார் பூசிக்கொண்டிருந்த அரசும் பிற்பாடு மனம் மாறியது. இந்தக் கல் ஏற்றங்களில் பலவற்றுக்கு இன்று பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற தகுதி. நினைத்தபடி பெயர்த்துவிட்டுத் தார் போட முடியாது. அந்தப் பட்டியலில் 1980களின் பாட்டர்பெர்க்கும் உண்டு.

ம்யூர் 2017-இல் ரோண்டெக்குத் திரும்பியது. ஆனால் முடிவிடத்திலிருந்து வெகுதூரம் முன்னால், வெற்றிதோல்வியைத் தீர்மானிக்க முடியாத இடத்தில். மறு ஆண்டே ம்யூர், போஸ்பெர்க் மேடு, பிறகு நினோவே பக்கம் முடிவு என்ற அந்தப் பழைய இறுதிக் கட்டத்தை வேறொரு பந்தயம் எடுத்துக்கொண்டது. 1945-இல் ரோண்டெக்கு எதிராகத் தொடங்கப்பட்ட அதே ஓம்லோப்தான். ‘ஹெட் ஃபோல்க்’ பத்திரிகை 2008-இல் ‘ஹெட் நியூஸ்பிளாட்’டோடு கலந்துவிட்டது, வான் வைனன்டாலேயின் ‘ஸ்போர்ட்வேரெல்ட்’ 1939-இலேயே போய்ச் சேர்ந்த இடமும் அதுதான். இரண்டு பந்தயங்களையும் இன்று நடத்துவது ஒரே நிறுவனம்.