மலரும் பதிவேடும்

நமக்கு இயர்புக் வழக்கம் கிடையாது. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ உண்டு, கடைசி வாரத்தில் கைமாறும் ஆட்டோகிராப் நோட்டு உண்டு, கொஞ்சம் வசதியும் பழமையும் உள்ள பள்ளியென்றால் ஆண்டு மலர் உண்டு. மலர் அச்சடிக்க வக்கில்லாத பள்ளிகளில், அங்கே படித்த அத்தனை பேரின் பெயரும் இருக்கும் ஒரே புத்தகம் தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்குள் கிடக்கும் சேர்க்கைப் பதிவேடு.

பழைய பள்ளி ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிடலாம் என்ற பேச்சு முன்னாள் மாணவர் சந்திப்புகளில் தவறாமல் எழுகிறது. எழ வேண்டியதுதான். ஆனால் எதை ஏற்றுவது, யார் கண்ணுக்குக் காட்டுவது என்பதில் எல்லா ஊருக்கும் ஒரே விடை பொருந்தாது. யாழ்ப்பாணத்துக் கல்லூரி மலரையும் ஜவ்வாது மலைப் பள்ளியின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது அதனால்தான்.

முதலில் மலர். யாழ்ப்பாணத்தின் பழைய பாடசாலைகள் மலர் போடுவதை ஒரு கௌரவமாகவே வைத்திருந்தன. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி 1872-இல் தொடங்கியது. அதன் ‘மிசலனி’ இதழ்களைப் புரட்டினால் ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த நாட்குறிப்பு போலிருக்கும். அதிபர் அறிக்கை, பரீட்சைப் பெறுபேறு, கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கு, மாணவர் கட்டுரைகள் எல்லாம் வரிசையாக வரும். என்னை அதிகம் நிறுத்திவைப்பது பழைய மாணவர் செய்திப் பகுதிதான். இன்னாருக்கு மலாயாவில் வேலை, இன்னாருக்குக் கொழும்பில் பதவி உயர்வு, இன்னாருக்குத் திருமணம், இன்னார் காலமானார். இரண்டு வரிதான். ஆனால் பேரப்பிள்ளை டொரன்டோவில் உட்கார்ந்து பாட்டனாரின் பெயரைத் தேடினால் அகப்படுவது அந்த இரண்டு வரிதான்.

அவை இன்று வாசிக்கக் கிடைப்பதற்குப் பெரும் காரணம் நூலகம் நிறுவனம். 2005-இல் சில தன்னார்வலர்கள் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களோடும் சிற்றிதழ்களோடும் பள்ளி மலர்கள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், நூற்றாண்டு மலர்கள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போனவை 97,000 நூல்கள் என்பார்கள். 1995 அக்டோபர் இறுதியில் போர் நெருங்கியபோது யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் கிளம்பினார்கள். வீட்டு அலமாரியில் இருந்ததும் போயிற்று. அந்த அனுபவம் உள்ள சமூகத்துக்கு ஒரு பிரதியை ஒரே இடத்தில் வைத்திருப்பது என்றாலே பயம். லண்டனிலும் மெல்பர்னிலும் பழைய மாணவர் சங்கத்தார் வீட்டு மேல்மாடியில் தப்பிப் பிழைத்த பிரதிகளுக்குப் புதிய மதிப்பு வந்தது இந்தப் பயத்தால்தான். அங்கே இணையத்தில் ஏற்றுவதற்குப் பெயர் ஞாபக ஆசை அல்ல, தற்காப்பு.

தயக்கமின்றி ஏற்ற முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலர் பிறந்ததே பிறர் வாசிக்க. அதில் எழுதிய மாணவன் தன் பெயர் அச்சில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதினான். படத்தில் நின்றவன் தலை வாரிக்கொண்டு நின்றான். ஐந்நூறு பேர் வாசித்ததை இன்று ஐம்பதாயிரம் பேர் வாசிப்பதால் அதன் இயல்பு மாறிவிடுவதில்லை.

அதற்காக மலரைப் புனிதமாக்கிவிட வேண்டாம். மாணவ முதல்வர், அணித் தலைவர், பரிசு வாங்கியவர் என்று எழுந்து நின்றவர்களின் புத்தகம் அது. நடுவில் படிப்பை விட்டவன் அதில் இல்லை. 1929-இல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது, பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. தரையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளின் பெயரை எந்த மலரில் போய்த் தேடுவது? மலர் யாரைச் சொல்கிறது என்பதற்கு இணையாக யாரைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் ஆய்வாளனுக்கு வேண்டிய தகவல்தான்.

இப்போது மலைக்கு வருவோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்துகிடக்கும் ஜவ்வாது மலையில் பெரும்பான்மையோர் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடிகள். சாமையும் தேனும் புளியும் விளையும் ஊர்கள். ஜமுனாமரத்தூரைச் சுற்றியும் புதூர்நாட்டுப் பக்கமும் உள்ள பிள்ளைகள் படித்தது பெரும்பாலும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில். ஊரார் வாயில் ஜி.டி.ஆர். ஸ்கூல். இது பழங்குடியினர் நலத்துறையின் கீழ் வருவது. வனத்துறையே நடத்தும் பள்ளிகளும் இந்த மலையில் உண்டு. தமிழ்நாட்டில் எங்காவது வனத்துறைக்குப் பள்ளிக்கூடம் இருக்குமா என்று கேட்பவர்களை இந்த மலைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இங்கே ஆண்டு மலருக்குப் பணம் போட ஆளில்லை. பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டன் கிளையும் இல்லை. இருப்பது பதிவேடுதான். அகலமான காலிகோ அட்டை, முதுகில் துணி ஒட்டியது. கட்டம் கட்டமாக: சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், மதமும் இனமும், தந்தை பெயர், தொழில், ஊர், சேர்ந்த வகுப்பு, நீங்கிய நாள், நீங்கிய காரணம். மாற்றுச் சான்றிதழுக்காக அங்க அடையாளமும் குறித்திருப்பார்கள், வலது முழங்கையில் ஒரு மச்சம் என்பது மாதிரி. பிறந்த தேதிக் கட்டத்தில் மேயும் ஜூனும் அடுக்கடுக்காக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பள்ளி திறக்கும் மாதத்தில் ஆசிரியர் கணக்குப் பார்த்துப் போட்ட பிறந்தநாள்கள் தமிழ்நாட்டுக் கிராமங்கள் முழுக்க உண்டு. நீங்கிய காரணத்தில் ‘நீண்ட நாள் வராமை’ என்ற ஒரே வாக்கியத்தை மேலிருந்து கீழே மேற்கோள் குறி இழுத்து நிரப்பியிருக்கும் பக்கம் ஒரு சமூக ஆவணம். அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்க அதில் கட்டம் கிடையாது.

மலரில் பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதினார்கள். பதிவேட்டில் அலுவலகம் பிள்ளைகளைப் பற்றி எழுதியது. இரண்டுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுதான், மற்றவை இதிலிருந்து கிளைப்பவை.

பயனைப் பார்த்தால் பதிவேடு மலரை விடப் பல மடங்கு கனமானது. பழங்குடி சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருப்பது வட ஆற்காடு, சேலம், தர்மபுரி என்று பழைய மாவட்டப் பெயர்களோடு கட்டியே. விண்ணப்பம் போகும்போது அப்பாவின் டி.சி. இருக்கிறதா, தாத்தா எங்கே படித்தார் என்று கேட்பார்கள். மேல்படிப்பு, வேலை என்று வரும்போது மெய்த்தன்மை விசாரணையில் மறுபடியும் அதே கேள்வி. தாத்தா மூன்றாம் வகுப்பு வரை படித்து நின்றிருந்தால் அந்த மூன்று வருடத்துக்கான ஒற்றை வரிதான் பேத்தியின் மருத்துவக் கல்லூரி இடத்துக்குச் சாட்சி. டொரன்டோப் பேரனுக்கு அகப்படும் இரண்டு வரி மனநிறைவு தரும். இந்த ஒரு வரி சோறு போடும்.

அந்த வரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் வந்தது. 2019-இல் வேலூரிலிருந்து திருப்பத்தூர் பிரிந்தது. மலை நகரவில்லை, கோப்புகள் நகர்ந்தன. கரையான், கூரை ஒழுகல், பள்ளி தரம் உயரும்போது நடக்கும் கட்டட மாற்றம் என்று மற்ற எதிரிகளும் உண்டு. இதே மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது ஒளி மங்கிய நேரம் அங்கே வினாடிக் கணக்கில் பதிவானது. அந்தக் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் அந்தப் பதிவுக்கும் பங்கு உண்டு. அதே ஆண்டு அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் பட்டியல் பத்திரமாக இருக்கிறதா என்றும் யாராவது போய்ப் பார்க்கலாம்.

அப்படியானால் பதிவேட்டையும் ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்க ஏற்றிவிடலாமே? கூடாது என்பதே என் கட்சி. ஸ்கேன் செய்ய வேண்டும், இன்றைக்கே செய்ய வேண்டும். திறந்துவைக்கக் கூடாது.

காரணம் வெறும் கூச்சமல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அதன் பிறகும் இந்த மலைக்காரன் என்றாலே சந்தேகப் பார்வைதான். பெயர், தந்தை பெயர், ஊர், வயது, உடம்பில் மச்சம் எங்கே என்பது வரை தேடிப் பார்க்கக்கூடிய ஒரு முழுப் பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைப்பது அந்த ஊர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. ஆதார் மோசடிக்காரனுக்கும் கடன் செயலிக்காரனுக்கும் பிறந்த தேதியும் தந்தை பெயரும் போதும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் வேறு முகம் காட்டியது. அங்கே 1977 வரை உரிமைக் குறிப்பு இல்லாமல் அச்சான இயர்புக்குகள் பொதுச் சொத்தாகிவிட்டதால் நூலகங்கள் தாராளமாக ஏற்றின. வம்சாவளி தேடித்தரும் ஆன்செஸ்ட்ரி நிறுவனம் லட்சக்கணக்கில் திரட்டிக் கட்டணச் சேவையாக்கியது. என் பள்ளிப் படத்தை வைத்து நீ சம்பாதிப்பதா என்று 2020-இல் கலிஃபோர்னியாவில் வழக்கு போட்டார்கள், வழக்கு நிற்கவில்லை. 2019-இல் வர்ஜீனியா ஆளுநர் ரால்ஃப் நார்த்தமின் 1984 மருத்துவக் கல்லூரி இயர்புக் பக்கத்தில், முகத்தில் கரி பூசிய ஒருவனும் கு க்ளக்ஸ் க்ளான் உடையில் ஒருவனும் நிற்கும் படம் வெளியாகி நாடே அமளிதுமளிப்பட்டது. அந்த விவாதமெல்லாம் தாமே வெளியிட்ட புத்தகத்தைப் பற்றியது. பதிவேட்டில் உள்ள பிள்ளை எதையும் வெளியிடவில்லை.

நம் சட்டமும் ஓரளவுக்குத்தான் துணைவரும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆவணக் காப்புக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு தருகிறது, அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மலையிலோ பதிவேட்டைப் புரட்டுவதே ஒருவரைப் பற்றி முடிவெடுக்கத்தான். விலக்கைக் காட்டித் தப்பிக்க வழியில்லை. கேட்டு வருபவர் தன் வரியை, தன் தகப்பன் வரியை மட்டும் பார்க்கும்படி ஏற்பாடு செய்தாக வேண்டும்.

மலருக்கும் பதிவேட்டுக்கும் நடுவில் நிற்பது குரூப் போட்டோ. ஆலங்காயத்திலிருந்தோ போளூரிலிருந்தோ ஸ்டுடியோக்காரர் வர, பெஞ்சு போட்டு, ஆசிரியர்கள் நாற்காலியில், முன்வரிசை தரையில். அட்டையில் ஒட்டி, கீழே ‘நிற்பவர்கள் இடமிருந்து வலம்’ என்று ஆரம்பித்துப் பெயர்கள், கடைசியில் வராதவர்கள் பட்டியல். பிரதிக்குக் காசு கட்டியவருக்கே படம் என்பதால் மலையில் பல வகுப்புகளில் பெயர் எழுதிய அட்டை பள்ளிச் சுவரில் ஒன்றும் இரண்டு மூன்று வீடுகளிலும் மட்டும் மிஞ்சியிருக்கும். முதலில் அழிவது கீழே உள்ள பெயர் வரிதான். ஈரம் அங்கேதான் ஏறுகிறது. பெயர் போன படத்தை எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் செய்தாலும் அது அழகான முகங்களின் கூட்டம், அவ்வளவே. படத்தில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டு, பட்டப்பெயரோடும் ஊர்ப்பெயரோடும் எழுதிக்கொள்ள வேண்டும். மலையில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் பலருக்கு இருக்கும். ஊர்ப்பெயர் இல்லாமல் ஆளைப் பிரிக்க முடியாது. ஏற்றலாமா என்று அவர்களிடமே கேட்டுவிடவும் அதுவே தோதான நேரம். நூலகம் நிறுவனம் உரிமையாளரின் அனுமதியைக் கேட்டுப் பெறுவதை ஒரு வேலைமுறையாகவே வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திடமிருந்து மலை எடுத்துக்கொள்ளத்தக்கது ஸ்கேனர் தொழில்நுட்பத்தை விட இந்தப் பழக்கம்தான். எடுத்த கையோடு ஃபேஸ்புக்கில் போட்டு ‘இதில் நான் யார் சொல்லுங்கள்’ என்று கேட்பதை ஆவணப்படுத்தல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மலையிலும் மலர் பூக்காமல் இல்லை. பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைக் கொண்டுவருகிறது. பிள்ளைகளின் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் அவற்றில் இடம் உண்டு. பள்ளியிலேயே ஒட்டப்படும் சுவர் இதழ் அதைவிடச் சொந்தமானது, அதைவிடச் சீக்கிரம் கிழிவது. 2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றபோது ஒரு வாரம் எல்லாச் செய்தித்தாளிலும் மலையின் பெயர் வந்தது. வென்றால் செய்தித்தாளில், காட்டில் இறந்தால் காவல்துறைக் கோப்பில். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆயிரக்கணக்கான பேர் தாமே எழுதியதாக ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால், திறந்து பகிர வேண்டியது அந்தச் சுவர் இதழையும் நோட்டுப் புத்தகக் கதைகளையும்தான்.

பதிவேட்டுக்கு இப்போது ஓர் அவசரமும் வந்திருக்கிறது. 2023-24 நிதிநிலை அறிக்கையில், பழங்குடியினர் நலத்துறை, வனத்துறை உட்படப் பல துறைகள் நடத்தும் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று அறிவித்தார்கள். கல்விக்கு அது நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். துறை மாறும் நாளில் பெஞ்சு எத்தனை, பீரோ எத்தனை, சமையல் பாத்திரம் எத்தனை என்று ஒப்படைப்புப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எத்தனை தொகுதி, எத்தனை பக்கம் கிழிந்தது என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பழைய மாணவர்கள் இப்போதே மனு கொடுக்கலாம்.