குன்றேறிக் கிழக்கே பார்த்தவர்கள்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் பத்தூர் என்றொரு எரிமலை இருக்கிறது. உயரம் 1,717 மீட்டர். பின்னிரவில் கிளம்பி, கைவிளக்கு வெளிச்சத்தில் எரிமலைச் சரளையின் மேல் ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்குவது அங்கே பெரிய சுற்றுலாத் தொழிலாகிவிட்டது. ஜாவாவின் புரோமோ எரிமலையிலும் இதே காட்சிதான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களும் இப்படி ஏறிவிட்டு வருகிறார்கள். கூடவே ஓர் எண்ணமும் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது: காட்சிக்காக மலையேறுவது மேலைநாட்டார் கற்றுத்தந்த பழக்கம், நம் முன்னோர் மலையேறியது சாமி கும்பிட மட்டுமே என்பது அந்த எண்ணம். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரக் குன்றுகள் இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கின்றன. இங்கே குன்றேறியவர்கள் கும்பிட்டார்கள், கடலைக் காவல் பார்த்தார்கள், காட்சியைக் கண்ணாரக் கண்டார்கள். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதுதான் புதுப் பழக்கம்.

முதலில் இந்தக் கரையின் அமைப்பைச் சொல்லவேண்டும். சென்னைக்குத் தெற்கே சோழமண்டலக் கரை மணலும் கழியும் சவுக்கும் பனையுமாகத் தாழ்ந்தே போகிறது. இங்கே எரிமலை எதுவும் கிடையாது. இந்த வட்டாரத்துக் கருங்கல், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தில் உருவாகி, மேலே மூடியிருந்த அடுக்குகள் தேய்ந்தபிறகு வெளிப்பட்ட மிகப் பழைய பாறை வகையைச் சேர்ந்தது. மாமல்லபுரத்துக் குன்றின் உயரம் நூறு அடியை ஒட்டித்தான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துப் பழகியவர் இதை மலை என்றே சொல்லமாட்டார். ஆனால் கப்பலிலிருந்தோ கட்டுமரத்திலிருந்தோ பார்ப்பவருக்குக் கணக்கு வேறு. கரை முழுக்கத் தட்டையாக இருக்கும்போது நூறு அடியே பெரிய அடையாளம். கரையில் தெரியும் இரண்டு உயரங்களை ஒன்றுக்கு நேராக ஒன்று வரும்படி வைத்துக் கடலில் தாங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுகொள்வது இந்தக் கரை மீனவர்களின் பழைய அறிவு. வில்லியம் சேம்பர்ஸ் 1772-இலும் 1776-இலும் மாமல்லபுரத்தைப் பார்த்து எழுதிய கட்டுரை 1788-இல் வெளியானது. ஐரோப்பிய மாலுமிகளிடையே இந்த ஊர் 'ஏழு கோயில்கள்' என்று வழங்கியதை அவர் பதிவு செய்திருக்கிறார். ஊருக்குள் காலடி வைக்காதவர்களும் இந்த இடத்தை அடையாளம் வைத்திருந்தார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

கடலிலிருந்து தெரியும் உயரத்தில் இரவில் தீ ஏற்றுவது அடுத்த படி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையை விவரிக்கிறது. ஏணி சார்த்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடத்தில் இரவில் தீ மூட்டி, கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைத்ததாக அது சொல்கிறது. பிற்காலத்தில் மாமல்லபுரத்துக் குன்றின் மேல், மகிடாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, பல்லவர் கட்டிய ஒலக்கணேசுவரர் கோயில் எழுந்தது. 1887-இல் ஆங்கில அரசு இந்தக் கரைக்கு விளக்கு வைக்க இடம் தேடியபோது தேர்ந்தெடுத்தது அந்தக் கோயிலின் கூரையைத்தான். பக்கத்திலேயே கருங்கல்லால் கட்டிய இப்போதைய கலங்கரை விளக்கம் 1904-இல் செயல்பாட்டுக்கு வந்தது.

இந்தச் சான்றுகளை ஒரே தொடர்ச்சியாகக் கோப்பதை மறுப்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. நீர்ப்பெயற்று என்பது மாமல்லபுரம்தான் என்பதை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பாட்டு சொல்வதும் மாடத்தையே, குன்றை அல்ல. 1887-இல் விளக்கு வைத்தார்கள் என்பதற்காகப் பல்லவர்களும் அங்கே விளக்கு ஏற்றினார்கள் என்று முடிவு கட்ட முடியாது. இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாலும் என் வாதம் குலையாது. காஞ்சிக்கு உரிய கடற்கரையில், உயரத்தில் ஏறித் தீ வளர்ப்பதை ஓர் அன்றாட வேலையாகவே ஒரு புலவர் கண்டிருக்கிறார். பல நூற்றாண்டு கழித்து, அந்தப் பாட்டை அறியாத அதிகாரிகள் கடலை மட்டும் கணக்கில் கொண்டு பல்லவக் கட்டடத்தின் உச்சியிலேயே வந்து நின்றிருக்கிறார்கள். கோயில் கட்டியவர் இடத்தைத் தேர்ந்த கண்ணும் விளக்கு வைத்தவர் கண்ணும் ஒரே உயரத்தை மதித்திருக்கின்றன. எரிமலை இல்லாத இந்தக் கரையில் உச்சியில் எரிந்த நெருப்பு மனிதர்கள் சுமந்து ஏற்றியது. எண்ணெயோடும் விறகோடும் தினமும் ஒருவர் ஏறியாகவேண்டும். அவர் இறங்கும் நேரம் பொழுது விடியும் நேரமாகத்தான் இருந்திருக்கும்.

கிழக்கைப் பார்க்கும் ஆசையைக் கட்டடத்திலேயே காட்டமுடியும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசன் ராஜசிம்மன் மாமல்லபுரத்தில் எழுப்பிய கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னதிகள், இடையில் பள்ளிகொண்ட பெருமாள். ஒரு சிவன் சன்னதி மேற்கே ஊரைப் பார்க்கிறது. க்ஷத்திரியசிம்ம பல்லவேசுவரம் என்று பெயர்பெற்ற மற்றது கிழக்கே கடலைப் பார்க்கிறது. கோயில் என்றால் கிழக்கு நோக்குவது வழக்கம்தானே, இதில் என்ன சிறப்பு என்று கேட்கலாம். ஊரும் தெருவும் கும்பிட வருகிறவர்களும் மேற்கே இருக்கிறார்கள். கிழக்கே அலை மட்டும்தான். அப்படியிருந்தும் உயரமான விமானம் கடலைப் பார்க்கும் சன்னதிக்குத்தான் கிடைத்தது. அதன் பின்சுவரில் சிவனும் உமையும் நடுவே குழந்தை முருகனுமாக அமர்ந்த சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பம். முன்னால் பட்டை தீட்டிய கருங்கல் லிங்கம். வாசலுக்கு எதிரே கடலிலிருந்து எழும் சூரியன். வெறும் விதியை நிறைவேற்ற நினைத்த அரசன் இவ்வளவு செலவைக் கடல் பக்கம் கொட்டியிருக்கமாட்டான்.

உள்நாட்டுப் பக்கம் சில கல் தொலைவில் திருக்கழுக்குன்றம். உச்சியில் வேதகிரீசுவரர், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலம் என்பதால் ஏழாம் நூற்றாண்டிலேயே இந்த மலையில் ஏறினார்கள் என்று கொள்ளலாம். வெயில் ஏறினால் பாறைப்படியில் வெறுங்காலை வைக்கமுடியாது. அதனால் விடியலில் ஏறுவதே எளிது. அப்படியிருந்தும் அண்மைக் காலம் வரை பலர் உச்சி வேளை வரை மேலேயே காத்திருந்தார்கள். பாறையில் வைத்த சோற்றை உண்ண நண்பகலை ஒட்டி வந்து இறங்கும் கழுகுகளைப் பார்ப்பதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. அந்த வெள்ளைப் பறவைகள், மஞ்சள்முகப் பாறுகள், 1990-களின் இறுதியிலிருந்து வருவதில்லை. பறவை இறங்கி, சோற்றைக் கொத்தி, மறுபடி எழுவதைக் காண்பதே அந்த யாத்திரையின் பலன். கும்பிடுவது வேறு, வேடிக்கை பார்ப்பது வேறு என்ற பிரிவினை அங்கே செல்லாது.

அதே மலைப்பாதையில், ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் குடைவரையில், கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களில் ஒல்லாந்தர் தங்கள் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையிலிருந்து துணி வாணிகம் நடத்திய கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பெயர்கள் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இதைக் காட்டி, பொழுதுபோக்கு மலையேற்றம் ஐரோப்பியர் கொண்டுவந்தது என்பதற்கு இதுவே ஆதாரம் என்று சிலர் சொல்லலாம். சுவரை விட்டுப் பாதையைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. ஒல்லாந்தர் ஏறிய வழி கும்பிடப் போனவர்களின் வழி. அவர்கள் இளைப்பாறிய நிழல் பல்லவச் சிற்பி குடைந்தது. அவர்கள் புதிதாகச் சேர்த்தது வந்துபோனதைச் சுவரில் எழுதும் வழக்கத்தை மட்டுமே. அவர்களுக்கு மூன்று நூற்றாண்டுக்கும் முன்னால், 1344-இல், இபன் பதூதா இலங்கையின் சிவனொளிபாத மலையில் ஏறினார். அவருக்குப் பல்லக்கும் ஆளும் கொடுத்து அனுப்பியவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வந்த யோகிகள் நால்வரும் துணைக்குப் போனார்கள். அந்நிய நாட்டவர் மலையேற விரும்பினால் வழியும் துணையும் ஏற்கெனவே நம்மவரிடம் ஆயத்தமாக இருந்தன. புரோமோவின் கதையும் இதுதான். பயணிகள் எட்டிப் பார்க்கும் அதே எரிவாய்க்குள்தான் தெங்கர் மக்கள் கசாடா விழாவில் காய்கறியும் கோழியும் காணிக்கையாக இடுகிறார்கள்.

இந்த வரலாறு நமக்கு ஒரு கடமையைத் தருகிறது. கடற்கரைக் கோயிலின் வாயில் காலை 6 மணிக்குத் திறக்கிறது. மே, ஜூன் மாதங்களில் சூரியன் அதற்கு முன்பே உதித்துவிடுகிறது. கிழக்கு நோக்கிய சன்னதிக்கு எதிரே சூரியன் எழும் வேளையில் வேலிக்கு உள்ளே பார்வையாளர் யாரும் இல்லை. கலங்கரை விளக்கத்திலும் பகல் வெயிலில்தான் ஏறமுடிகிறது. பாதுகாப்பும் பராமரிப்பும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பெயர் செதுக்கும் கைகள் இன்றும் இருக்கின்றன, காவல் இல்லாமல் கல்லைக் காப்பாற்ற முடியாது. ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, உள்ளூர் வழிகாட்டிகளை உடன் அனுப்பி, ஆண்டில் சில மாதங்களுக்காவது விடியலுக்கு முன் கோயில் வாயிலையும் குன்றுப் பாதையையும் திறக்க முடியும். பாலியில் எரிமலையிலேயே வழிகாட்டிகளோடு விடியலுக்கு முன் ஏறுகிறார்கள். சுண்ணாம்பும் வேலியும் கல்லைக் காப்பாற்றும். அந்தக் கல் எதற்காக அந்த இடத்தில் நிறுத்தப்பட்டது என்பதைக் காப்பாற்ற, மக்கள் அதற்குரிய நேரத்தில் அங்கே நிற்கவேண்டும்.