வீட்டார் நாட்டிய கல்

எகிப்து என்றவுடன் மன்னர்தம் பிரமிடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், அந்நாட்டின் அபிடாசு நகரில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன், எழுத்தர் போன்ற நடுத்தர மக்களும் நினைவுக்கற்கள் நாட்டினர். அவற்றில் வீட்டுத் தலைவன் படையலின் முன் அமர்ந்திருப்பான். மனைவி, மக்கள், பெற்றோர், சில கற்களில் பணியாளருங்கூடப் பெயருடன் பொறிக்கப்பட்டிருப்பர். அவ்வழியே செல்வோர், மாண்டார்க்கு உணவும் பானமும் கிட்டுக என ஒரு சொல் வாழ்த்திச் செல்லவேண்டும் என்பதே அக்கற்கள் விடுக்கும் வேண்டுகோள்.

நம் முன்னோரும் கல் நாட்டினர். தொல்காப்பியம் அதன் நிலைகளை வகுத்துரைக்கின்றது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்களுள் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் பட்டவனுக்கு உரியது. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் உண்டு. பேறுகாலத்தில் வீட்டுக்குள்ளேயே உயிர்நீத்த பெண்ணுக்கு உண்டா?

உண்டு. அதுவே சுமைதாங்கி. நிறுத்திய இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு கல். லாரியும் பேருந்தும் வருமுன், சந்தைக்குத் தலைச்சுமையுடன் நடந்தோர், பிறர் கைத்துணையின்றிச் சுமையை அதன்மேல் இறக்குவர். இளைப்பாறியபின் தாமே தலையில் ஏற்றிக்கொள்வர். கருவுற்ற பெண் வயிற்றுச் சுமையை இறக்காமலே மாண்டால், அவள் பொருட்டு வீட்டார் வழியோரத்தில் இக்கல்லை நாட்டுவர். வழிப்போக்கர் சுமை இறங்குந்தோறும் அவள் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. சில கற்களில் அவள் பெயரும் காணப்படும். எகிப்தியக் கல் வழிப்போக்கரிடம் ஒரு சொல்லைக் கேட்டது. நம் கல்லோ கேளாமலே உதவியது.

கேரளத்தில் இதனைச் சுமடுதாங்கி என்றும் அத்தாணி என்றும் வழங்குவர். அத்தாணி ஊர்ப்பெயராகவும் நிலைத்துள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது நம்மிடையே எல்லை வகுக்கப்பட்டது. சுமைதாங்கியோ எல்லையின் இருபுறமும் நின்றது.

தலைச்சுமை மறைந்தபின் இக்கற்களுக்கு வேலையில்லை. சாலைகள் அகலமாகும்போது கேட்பாரின்றிப் பெயர்க்கப்படுகின்றன. கல் போனால் பெயரும் போகும். திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மில் எத்தனை பேருக்குப் பாட்டியின் தாய் பெயர் தெரியும்? அலுவலகத்தில் நாள்தோறும் பிறர் பெயரைப் பதிவேட்டில் எழுதும் நாம், நம் வீட்டுப் பெண்டிர் பெயரை எங்கும் எழுதி வைத்தோமில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்கையில், வழியோரக் கல்லின் தூசு துடைத்து, அதிலுள்ள பெயரைப் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்வோம். வீடு திரும்பியதும் நம் பாட்டிமார் பெயர்களையும் ஓர் ஏட்டில் எழுதச் செய்வோம். கல் நாட்ட இயலாத நமக்கு அதுவே நடுகல்.