மனோரமா (நடிகை)

மனோரமா (26 மே 1937 – 10 அக்டோபர் 2015) தமிழ் நாடக, திரைப்பட நடிகையும் பின்னணிப் பாடகியும் ஆவார். இவரது இயற்பெயர் கோபிசாந்தா. இரசிகர்களாலும் திரைத்துறையினராலும் "ஆச்சி" என்று அழைக்கப்பட்டார். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளத்தூரில் வளர்ந்து, அப்பகுதியின் நாடக மேடைகளில் நடிக்கத் தொடங்கினார். 1958 ஆம் ஆண்டில் தமிழ்த் திரையுலகில் அறிமுகமாகி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நகைச்சுவை வேடங்களிலும் குணச்சித்திர வேடங்களிலும் நடித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்தமைக்காக 1985 இல் கின்னஸ் உலக சாதனைப் புத்தகத்தில் இவரது பெயர் இடம்பெற்றது.

பிறப்பும் இளமையும்

இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள மன்னார்குடியில் காசி கிளாக்குடையார், இராமாமிர்தம் இணையருக்கு மகளாகப் பிறந்தார். இராமாமிர்தத்தின் தங்கையைத் தந்தை இரண்டாம் தாரமாக மணந்துகொண்டதைத் தொடர்ந்து, தாய் கைக்குழந்தையுடன் வீட்டை விட்டு வெளியேறிக் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரில் குடியேறினார். பள்ளத்தூர் செட்டிநாட்டின் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. 1985 ஆம் ஆண்டு மாவட்டப் பிரிவினைக்குப் பின் அது சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. ஆனால் மனோரமா வளர்ந்த காலத்தில் காரைக்குடி முதல் இராமேசுவரம் கடற்கரை வரையிலான நிலப்பகுதி ஒரே மாவட்டமாக, இராமநாதபுரம் மாவட்டமாக இருந்தது.

வறுமை காரணமாக இவரது பள்ளிப்படிப்பு ஆறாம் வகுப்புடன் நின்றது. தாய் நோயுற்ற காலத்தில் சிறுமியான இவரே வீட்டு வேலைக்குச் சென்றார். குழந்தைப் பருவத்திலிருந்தே நன்றாகப் பாடும் திறன் இவருக்கு இருந்தது.

அக்காலத்தில் காரைக்குடி பகுதியில் திரைப்படத் தொழிலும் நடைபெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. தேவகோட்டை ரஸ்தாவில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அமைத்த படப்பிடிப்பு நிலையத்தில்தான் நாம் இருவர் (1947) போன்ற படங்கள் உருவாயின. பின்னர் அந்நிறுவனம் சென்னைக் கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. எனினும் மனோரமா திரைக்கு வந்த வழி அதுவன்று. ஊர்த் திருவிழாக்களையொட்டி விடிய விடிய நடக்கும் நாடகங்களே இவருக்கு வழி திறந்தன.

நாடக மேடை

பள்ளத்தூருக்கு வந்த ஒரு நாடகக் குழுவினர் "அந்தமான் காதலி" என்ற நாடகத்தை நடத்தினர். அதில் சிறு வேடம் ஏற்றிருந்தவருக்குச் சரியாகப் பாட வரவில்லை. பாடவும் நடிக்கவும் தெரிந்த ஒருவரைக் குழுவினர் தேடியபோது கோபிசாந்தாவுக்கு அவ்வாய்ப்புக் கிடைத்தது. அப்போது இவருக்கு வயது பன்னிரண்டு. நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராசனும் இவருக்கு மனோரமா என்று பெயர் சூட்டினர். சுற்றுவட்டாரத்தில் "பள்ளத்தூர் பாப்பா" என்றும் அறியப்பட்டார்.

அதன்பின் வைரம் நாடக சபையின் நாடகங்களில் நடித்துவந்த இவரை நடிகர் எஸ். எஸ். இராசேந்திரன் தமது நாடக மன்றத்தில் சேர்த்துக்கொண்டார். மு. கருணாநிதி எழுதிய மணிமகுடம் உள்ளிட்ட நாடகங்களில் ஏற்ற வேடங்கள் இவருக்குத் தமிழகம் முழுவதும் பெயர் பெற்றுத் தந்தன. அன்றைய நாடக நடிகர் ஒரே இரவில் பாட வேண்டும், வசனம் பேச வேண்டும், எதிரில் நடிப்பவர் தவறினால் அந்த இடத்திலேயே வசனம் புனைந்து காட்சியைக் காப்பாற்றவும் வேண்டும். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் குரல் கேட்க வேண்டும். இந்தப் பயிற்சியின் தடத்தை மனோரமாவின் பிற்காலத் திரை நடிப்பு முழுவதிலும் காணலாம்.

திரைத்துறையில்

கதாநாயகியாக நடிக்க ஒப்பந்தமான தொடக்ககாலப் படங்கள் பாதியில் நின்றுபோயின. இந்நிலையில் கவிஞர் கண்ணதாசன் தாம் தயாரித்த மாலையிட்ட மங்கை (1958) திரைப்படத்தில் நகைச்சுவை வேடம் ஒன்றை அளித்தார். மேடையில் நாயகியாக நடித்துவந்த இவர் அவ்வேடத்தை ஏற்கத் தயங்கினார். நாயகியாக நடித்தால் சில ஆண்டுகளில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவை நடிகைக்கோ நீண்ட காலம் இடம் உண்டு என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னதாக மனோரமா பின்னாளில் நேர்காணல்களில் கூறியுள்ளார். கண்ணதாசனும் இதே மாவட்டத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்தவரே.

அறிவுரை பொய்க்கவில்லை. அவ்வாண்டுகளில் அறிமுகமான நாயகியர் பலர் பத்தாண்டுகளில் அக்காள், அண்ணி வேடங்களுக்கு மாறினர் அல்லது விலகினர். மனோரமாவோ மூன்று தலைமுறை நாயகர்களுடன் நடித்தார். ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. நாயகி வேடம் இவருக்கு அரிதாகவே கிடைத்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் ஆர். எஸ். மனோகருடன் நடித்த கொஞ்சும் குமரி (1963) அத்தகைய அரிய படங்களுள் ஒன்று.

1960களில் நாகேசுடன் இணைந்து நடித்த படங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. அன்பே வா (1966) அவற்றுள் ஒன்று. சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் ஆகியோருடனும் இணையாக நடித்துள்ளார். மெகமூதுடன் குன்வாரா பாப் (1974) என்ற இந்திப் படத்திலும், தெலுங்கு, மலையாளம், கன்னடப் படங்களிலும் நடித்தார்.

ஏ. பி. நாகராசன் இயக்கிய தில்லானா மோகனாம்பாள் (1968) இவரது திரைவாழ்வின் உச்சங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையின் திரைவடிவமான இதில், ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக நடித்தார். சிவாஜி கணேசன், பத்மினி, டி. எஸ். பாலையா, நாகேசு எனத் தேர்ந்த நடிகர்கள் நிறைந்த படத்தில், குறைந்த நேரமே வரும் இப்பாத்திரம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஊர் ஊராகச் சென்று நாடகம் போடும் பெண்ணின் ஆடம்பரப் பேச்சையும், அதனடியில் இருக்கும் பரிவையும் இவர் வெளியிலிருந்து கண்டு நடிக்கவில்லை. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் என்பது ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது.

பேச்சுவழக்கும் பாடலும்

வட்டார வழக்குகளைப் பிசகின்றிப் பேசுவது மனோரமாவின் தனித்திறன். செட்டிநாட்டு வழக்கு, தஞ்சை வழக்கு, கொங்கு வழக்கு, பிராமணர் பேச்சு, சென்னைச் சேரிப் பேச்சு என ஒவ்வொன்றுக்கும் சொல்லை மட்டுமன்றி இழுவையையும் மூச்சையும் மாற்றிக்கொள்வார். "ஆச்சி" என்ற பெயரும் இத்தொடர்பில் வந்ததே. நகரத்தார் குடும்பங்களில் பெண்களை மரியாதையாகக் குறிக்கும் இச்சொல், அச்சமூகத்தைச் சாராத ஒரு நடிகைக்கு நிலையான பட்டமாயிற்று. காசேதான் கடவுளடா (1972) படத்தில் பணப்பெட்டியின் சாவியைக் கைவிடாத செல்வந்தர் வீட்டு இல்லத்தரசியாக வந்து சிரிக்கவைத்தார்.

தமக்கான பாடல்களைத் தாமே பாடிய நடிகையர் அருகிவிட்ட காலத்தில் மனோரமா பாடினார். பொம்மலாட்டம் (1968) படத்தில் சென்னைப் பேச்சில் அமைந்த பாடல் பெரும் புகழ் பெற்றது. கால் நூற்றாண்டு கழித்து, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த மே மாதம் (1994) படத்திலும் சென்னையைப் பற்றிய ஒரு பாடலில் இவரது குரல் ஒலித்தது.

குணச்சித்திர வேடங்கள்

1980களிலிருந்து தாய், பாட்டி, வேலைக்காரி வேடங்களில் மிகுதியாக நடித்தார். விசுவின் சம்சாரம் அது மின்சாரம் (1986) படத்தில் கண்ணம்மா என்னும் வீட்டு வேலைக்காரியாக வந்து, சம்பந்தியை வாயாலேயே அடக்கும் காட்சி பரவலாக அறியப்பட்டது. அபூர்வ சகோதரர்கள் (1989), சின்னத்தம்பி (1991), சின்னக் கவுண்டர் (1992) ஆகிய படங்களில் தாயாக நடித்தார். நடிகன் (1990) படத்தில் முதுமையில் காதல்வயப்படும் பெண்ணைக் கேலிப்பொருளாக்காமல் நடித்தது தனித்துக் குறிப்பிடத்தக்கது. இந்தியன் (1996) படத்தில் அரசு இழப்பீட்டுத் தொகைக்காக அலுவலகங்களில் அலைக்கழிக்கப்படும் ஏழைப்பெண் குப்பம்மாவாக வந்தார். சில நிமிடங்களே நீடிக்கும் அக்காட்சிகள் படத்தின் மையக் கருத்துக்கு வலுச்சேர்த்தன.

எல்லாப் படங்களும் இவரது திறனுக்கு ஏற்றவையாக அமையவில்லை. உரத்த அழுகைக்கும் எடுப்பான பல் போன்ற ஒப்பனைக்கும் இயக்குநர்கள் பலர் இவரைப் பயன்படுத்திக்கொண்டனர். ஆண்டுக்குப் பல படங்களில் நடித்த ஒருவருக்கு இது தவிர்க்க இயலாததாயிற்று எனலாம்.

தனி வாழ்க்கையும் பொது வாழ்க்கையும்

உடன் நடித்த நாடக நடிகர் எஸ். எம். இராமநாதனை 1964 இல் மணந்தார். இவர்களுக்குப் பூபதி என்ற மகன் பிறந்தார். 1966 இல் மணமுறிவு ஏற்பட்டது. தாயைப் போலவே மகளும் கைக்குழந்தையுடன் தனித்து நின்றார் எனினும் இம்முறை குடும்பத்தைத் தாங்க இவரது தொழில் இருந்தது. மறுமணம் செய்துகொள்ளவில்லை.

பின்னாளில் முதலமைச்சர்களான ஐவருடன் இவர் நடித்துள்ளார். கா. ந. அண்ணாதுரை, மு. கருணாநிதி ஆகியோருடன் மேடையிலும், எம். ஜி. இராமச்சந்திரன், ஜெ. ஜெயலலிதா, என். டி. இராமராவ் ஆகியோருடன் திரையிலும் நடித்தார். 1996 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஆதரவாகப் பரப்புரை செய்தபோது நடிகர் இரசினிகாந்தைக் கடுமையாக விமரிசித்தார். அதன்பின் இவருக்குப் பட வாய்ப்புகள் குறைந்தன. இரசினிகாந்தே தமது அருணாச்சலம் (1997) படத்தில் மீண்டும் வாய்ப்பளித்ததை மனோரமா பொதுமேடையில் நன்றியுடன் குறிப்பிட்டார்.

விருதுகளும் மறைவும்

இரா. பார்த்திபன் இயக்கிய புதிய பாதை (1989) படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய திரைப்பட விருதைப் பெற்றார். தமிழக அரசின் கலைமாமணி விருதும், 2002 இல் இந்திய அரசின் பத்மசிறீ விருதும் வழங்கப்பட்டன.

சிங்கம் (2010) உள்ளிட்ட படங்களில் நடித்த பின் உடல்நலக் குறைவால் நடிப்பைக் குறைத்துக்கொண்டார். 2015 அக்டோபர் 10 அன்று இரவு சென்னையில் தமது 78 ஆம் அகவையில் காலமானார். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா நேரில் சென்று அஞ்சலி செலுத்தினார்.