1994: விதிகள் மாறிய பருவம்

1993இல் போர்மியூலா வன் பந்தயத்தில் வில்லியம்ஸ் கார்களை எவராலும் நெருங்க முடியவில்லை. கணினி கட்டுப்படுத்தும் சஸ்பென்ஷனும் சில்லுகள் வழுக்காமல் காக்கும் கருவியும் அவற்றின் பலமாயிருந்தன. செலவு கூடுகிறது, ஓட்டுநரின் திறமை மங்குகிறது எனக் கூறி 1994ஆம் ஆண்டுக்கு இவை தடைசெய்யப்பட்டன. நோக்கம் நல்லதுதான். ஆனால் இயந்திரங்களின் வலுவில் கைவைக்காமல், கார்களை நிலைப்படுத்திய கருவிகளை மட்டும் அகற்றியது என்ன சீர்திருத்தமோ!

மக்லாரன் அணியிலிருந்து வில்லியம்ஸுக்கு மாறிய பிரேசில் வீரர் அயர்டன் சென்னாவே சம்பியன் எனப் பருவம் தொடங்குமுன்பே பலர் தீர்ப்பெழுதினர். அவரோ இது விபத்துகள் மலிந்த ஆண்டாகும் என எச்சரித்தார்.

முதல் மூன்று பந்தயங்களிலும் முதலிடத்தில் நின்று புறப்பட்டவர் சென்னா. பெற்ற புள்ளிகள் பூச்சியம். மூன்றாவது பந்தயம் இத்தாலியின் இமோலாவில். ஏப்ரல் 30ஆம் திகதி தகுதிகாண் ஓட்டத்தில் ஒஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பேர்கர் பலியானார். மறுநாள் தம்புரெல்லோ வளைவில் சென்னா.

இரு மரணங்களையும் விதிமாற்றத்தின் தலையிலேயே கட்டிவிட முடியாது. ராட்சன்பேர்கரின் காரில் முன்சிறகு உடைந்தது. சென்னாவின் ஸ்டியரிங் தண்டு பற்றிய வழக்கு இத்தாலிய நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இயந்திரக் கொள்ளளவு 3.5 லீற்றரிலிருந்து 3 லீற்றராகக் குறைக்கப்பட்டது 1995இல்தான்.